கடைசிப் படத்தில் வடக்கு

"ஜிபிஎஸ்ல தண்ணி பூந்துடுச்சு. பரவால்ல, காம்பஸ் இருக்கு, அதப் பாத்துக்கிட்டே வந்துர்றோம்." நேற்று சாயங்காலம் நடுக்கடலிலிருந்து கலையழகன் வயர்லெஸ்ஸில் சொன்ன கடைசிப் பேச்சு இதுதான். அதைக் காதால் கேட்டவன் மணிமாறன். அவன் தன் படகோடு இருட்டுவதற்குள் கரை வந்து சேர்ந்துவிட்டான். விடிந்ததிலிருந்து கடற்கரையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லச் சொல்லக் கேட்டவர்கள் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. காம்பஸ் இருக்கு என்கிறானே, அப்புறம் என்ன, இன்ஜின்தான் எங்கேயாவது நின்றிருக்கும், மிதந்துகொண்டிருப்பார்கள், போய்க் கட்டி இழுத்து வந்துவிடலாம். கவிழ்த்துப் போட்டிருந்த ஃபைபர் படகில் முதுகைச் சாய்த்து ஈர மணலில் உட்கார்ந்திருந்த வழுதி மட்டும் அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காம்பஸ் இருக்கு. இருக்கிறது, இல்லாமலா போய்விட்டது. இல்லாமல் போயிருந்தால்தான் தேவலையே. காம்பஸ் இல்லை என்றால் கலை என்ன செய்திருப்பான், நின்ற இடத்திலேயே நங்கூரத்தைப் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுத்திருப்பான். காம்பஸ் இருக்கு. மணிமாறா, வாயை மூடேன்டா. ஆனால் மணிமாறன் வாயை மூடினால் மட்டும் என்ன ஆகப்போகிறது. அந்த வாக்கியம் இப்போது வழுதியின் மண்டைக்குள் அல்லவா ஓடிக்கொண்டிருக்கிறது, காம்பஸ் இருக்கு, அதப் பாத்துக்கிட்டே, அதப் பாத்துக்கிட்டே, அதப் பாத்துக்கிட்டே வந்துர்றோம்.

கலையழகன் அவனுக்கு மைத்துனன், மனைவி மலர்க்கொடியின் ஒரே தம்பி. இரண்டு ஆட்களோடு, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கு கடலுக்குப் போனவன் நேற்று ராத்திரியே கரையேறியிருக்க வேண்டும். வழுதி கடலுக்குப் போகிறவன் இல்லை. அலையைத் தாண்டியதுமே குடல் வாய்க்கு வந்துவிடும் உடம்பு அவனுக்கு, அதனால் சிறுவயதிலேயே ஊர் அவனைக் கரையில் உட்கார வைத்துவிட்டது. அவன் குப்பத்தின் முகப்பில் இன்ஜின் பட்டறை வைத்திருந்தான். அந்தப் பட்டறையில்தான் இந்தக் காந்தப் பைத்தியமும் பிடித்தது. கிழிந்துபோன ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய காந்த வளையம் கை தவறி மணலில் விழ, எடுத்துப் பார்த்தால் அதன் மேல் கறுப்பு மணல் மயிர்க்கூச்செறிந்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. இந்தக் கரை மணலில் இரும்புத் தூள் கலந்திருப்பது எல்லோருக்கும் தெரியும், அப்படி எழுந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும். அன்றைக்குப் போனை எடுத்துப் பிடித்தவன்தான். ஆணி, போல்ட், பேரிங் குண்டு, ஊசி, பிளேடுத் துண்டு, இரும்பில் எது கிடைத்தாலும் காந்தத்தோடு சேர்த்து நிறுத்திப் படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டான். அப்புறம் கேமரா வாங்கினான், கிட்டத்தில் பார்க்கும் லென்ஸ் வாங்கினான், கட்டைவிரல் பருமனில் வெள்ளி மாதிரிப் பளபளக்கும் முரட்டுக் காந்தங்களைத் தபாலில் வரவழைத்தான். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டால் பிரிக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டும், நடுவில் விரல் அகப்பட்டால் ரத்தம் கட்டிவிடும், அப்பேர்ப்பட்ட காந்தங்கள். "கட்டுன பொண்டாட்டிய இதுவரைக்கும் ஒரு போட்டோ உருப்படியா எடுத்துருக்காரா, ஆணிய மட்டும் என்னமா எடுக்குறாரு பாரு" என்று மலர்க்கொடி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். உள்ளூர அவளுக்குப் பெருமை. எந்தெந்தத் தேசத்திலோ இருக்கிற முகம் தெரியாத ஆட்கள் தன் புருஷன் எடுத்த ஆணிக்கு இதயம் போடுகிறார்களே. இப்போது அவள் எங்கே. அதோ, அவள் அம்மா பக்கத்தில், புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளைப் பார்க்காதே. கடலைப் பார். கடலையும் பார்க்க முடியவில்லை. மணலைப் பார்க்கலாம் என்றால் அதிலும் அந்தக் கறுப்பு வரி வரியாகக் கிடக்கிறது.

கலையிடம் கேட்டுத்தான் அந்தக் காம்பஸை எடுத்தான், அதைச் சொல்ல வேண்டும். படகை இன்ஜின் வேலைக்காகப் பட்டறை வாசலுக்கு ஏற்றியிருந்தபோது, பின்பக்கப் பலகைக்கு அடியில் அந்தக் காம்பஸ் பெட்டி கண்ணில் பட்டது. உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி, உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்றில் எழுத்துப் போட்ட வட்டத் தட்டு மிதந்துகொண்டிருந்தது, பெட்டியை எப்படித் திருப்பினாலும் தட்டு மட்டும் அசைந்து அசைந்து போய் வடக்கில் நின்றது. பார்த்ததும் வாய் ஊறிவிட்டது வழுதிக்கு. "மச்சான், இத ரெண்டு நாள் எடுத்துக்கட்டுமா, படம் எடுத்துட்டுத் தர்றேன்." கலை தலையைக்கூடத் திருப்பவில்லை. "எடுத்துக்குங்க மாமா, அது சும்மாதான கெடக்குது. ஜிபிஎஸ் இருக்கையில அத யாரு பாக்குறா." யாரு பாக்குறா. யாரும் பார்க்கவில்லை, மழை வந்து ஜிபிஎஸ்ஸுக்குள் இறங்குகிறவரை யாரும் பார்க்கவில்லை. வழுதி பட்டறை மேஜையைத் துடைத்து, கறுப்புத் துணி விரித்து, அதன் நடுவில் காம்பஸை வைத்து, சுற்றிலும் முரட்டுக் காந்தங்களை வைத்தான். கடவுளே, அந்தத் தட்டு பட்ட பாடு. ஒரு காந்தத்தை நகர்த்தினால் அது பாய்ந்து திரும்பியது, இன்னொன்றைக் கொண்டுவந்தால் பயந்து எதிர்ப்பக்கம் ஓடியது, இரண்டையும் இரண்டு பக்கமும் பிடித்தால் எங்கே போவது என்று தெரியாமல் நடுங்கிக்கொண்டே நின்றது. அந்த நடுக்கத்தைத்தான் அவன் படம் எடுத்தான். ஷட்டர் வேகத்தைக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எழுத்துகளெல்லாம் கலங்கிப் புகையாகத் தெரிகிற மாதிரி எடுத்தான். அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சாப்பிடக் கூப்பிட்ட மலரை விரட்டிவிட்டான். ஒரு காந்தத்தைக் கண்ணாடியின் மேலேயே வைத்து அழுத்திப் பார்த்தான். அந்தப் படத்துக்கு "வடக்கு எங்கே?" என்று தலைப்பு வேறு கொடுத்து ஏற்றினான், பெரிய கலைஞர் அல்லவா. காந்தப் படங்களுக்கென்றே இருக்கிற ஒரு பக்கத்தில் அதை எடுத்துப் போட்டார்கள். நேற்று மத்தியானம் வரைக்கும் அதற்கு இதயம் விழுந்துகொண்டே இருந்தது. வடக்கு எங்கே. தூ.

கையில் போன் இருந்தது. கேமராப் படங்களை எல்லாம் அதில் இறக்கி வைத்திருந்தான். முதல் படத்தைத் திறந்தான். காந்தம் எதுவும் வைப்பதற்கு முன்னால், வெளிச்சம் பார்ப்பதற்காக எடுத்த வெறும் காம்பஸ். பட்டறை ஷட்டர் வடக்கே பார்த்தது, அது வழியாக வந்த வெளிச்சம் கண்ணாடியின் ஒரு ஓரத்தில் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. வடக்கு எழுத்து அந்தக் கோட்டுக்கு நேர் கீழே நின்றது. சரி. கடைசிப் படத்தைத் திறந்தான். காந்தங்களை எல்லாம் எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து, போதும் என்று எடுத்த படம், பக்கத்தில் எதுவும் இல்லை. அதே வெள்ளைக் கோடு, அதே இடம். அதற்குக் கீழே நின்றது தெற்கு. மூடினான். திறந்தான். தெற்கு. போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான், போனைத் திருப்பினால் கோடும் சேர்ந்தல்லவா திரும்புகிறது, தெற்கும் அதோடு ஒட்டிக்கொண்டே திரும்பியது. பெட்டியை மாற்றி வைத்திருப்பேனோ. வைத்தால் என்ன, பெட்டியை எப்படி வைத்தாலும் தட்டு வடக்கே பார்க்க வேண்டும் என்பதுதானே காம்பஸ். வேறு காந்தம் ஏதாவது மேஜைக்கு அடியில் கிடந்திருக்குமோ, அதனால் அந்த நேரத்துக்கு மட்டும் திரும்பியிருக்குமோ. இருக்கலாம். இருக்கலாமே. கொஞ்ச நேரம் அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேஜைக்கு அடியில் ஸ்பீக்கர் காந்தம் கிடப்பதாகக் கண்ணால் பார்க்கிற மாதிரி கற்பனை செய்தான், அதன் மேல் தூசியைக்கூடப் பூசிப் பார்த்தான். ஆனால் அந்த ஸ்பீக்கர் காந்தத்தை எப்போதோ மணிமாறன் கேட்டு வாங்கிப் போய்விட்டான், அது இப்போது அவன் வீட்டு அடுப்படிக் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பலமான காந்தத்தைப் பலவீனமான காந்தத்தின் மேல் வைத்து அழுத்தினால் பலவீனமானதன் வடக்கு தெற்காகிவிடும், தெற்கு வடக்காகிவிடும், தானாகத் திரும்பவும் மாறாது. இது தெரியாதவனா வழுதி. இதை வைத்து ஊசிகளை மாற்றி மாற்றிப் படம் எடுத்திருக்கிறான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை. இன்னொன்றும் இருக்கிறது, அதை மட்டும் நினைக்காதே, நினைக்காதே என்று மனசு அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றியே போகிறது, கடைசியில் அங்கேயே வந்து விழுகிறது. அவன் அன்றைக்கே பார்த்தான். கடைசிப் படம் எடுத்த கையோடு தட்டைப் பார்த்தான், என்னமோ மாறி நிற்கிற மாதிரி இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. குலுங்கியதில் தடுமாறி நிற்கிறது, படகில் வைத்தால் தன்னால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பெட்டியை மூடிக் கொண்டுபோய் பலகைக்கு அடியில் அதே இடத்தில் வைத்தான். துணியால் துடைத்து வேறு வைத்தான். தன்னால் சரியாகிவிடும். எவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொண்டாய் அடே வழுதி. ஒரு எட்டு வாசலுக்கு வந்து கடல் எந்தப் பக்கம், கோயில் எந்தப் பக்கம் என்று ஒத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். சோறு ஆறும் நேரம்கூட ஆகியிருக்காது.

இந்தக் கரைக்குக் கடல் கிழக்கே. போகிறவன் கிழக்கே போவான், வீட்டுக்கு வருகிறவன் மேற்கே வருவான், இதைத் தவிர இங்கே பாடம் எதுவும் இல்லை. நேற்று மத்தியானத்திலிருந்து வானம் மூடிக் கிடந்தது. சூரியனும் இல்லை, அப்புறம் நட்சத்திரமும் இல்லை, காற்று விழுந்துபோய் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழைக்குள் கலை பெட்டியைத் திறந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தட்டில் மேற்கு என்று எழுதியிருக்கிற பக்கம் படகைத் திருப்புகிறான். அது கிழக்கு. அய்யோ, அது கிழக்குடா. இன்ஜினை முறுக்குகிறான். இரண்டு பேரும் தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், கலை அவர்களுக்குத் தைரியம் சொல்கிறான், இன்னும் கொஞ்ச நேரம், லைட்ஹவுஸ் தெரிஞ்சுடும். தெரியவில்லை. மழை மறைக்கிறது, இன்னும் கொஞ்சம் போகலாம். போகப் போக லைட்ஹவுஸ் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது, அவன் முன்னால் தேடிக்கொண்டிருக்கிறான். அலையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவானா. அவன் அப்பா இருந்தால் கண்டுபிடித்திருப்பார், தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தே கரை எந்தப் பக்கம் என்று சொல்வார் என்பார்கள். கலை போன் பிள்ளை, ஜிபிஎஸ் பிள்ளை. ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பான். சந்தேகப்பட்டால் என்ன செய்வான். மறுபடியும் காம்பஸைப் பார்ப்பான். அது மறுபடியும் அதையே சொல்லும், கொஞ்சமும் தயங்காமல் சொல்லும், பொய் சொல்கிறோம் என்று அதற்குத் தெரியவா போகிறது. வீட்டுக்கு வருகிற அவசரத்தில் வீட்டை விட்டுப் போயிருப்பான், டீசல் தீர்கிறவரை போயிருப்பான்.

"என்னங்க, டீ." மலர்க்கொடி வந்து முன்னால் நின்றாள். டம்ளரைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவாள் என்று பார்த்தான், போகவில்லை, பக்கத்திலேயே குந்தினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "நீங்கதான இன்ஜின் வேல பாத்தீங்க. இன்ஜின் நல்லாத்தான இருந்துச்சு? வழியில நின்னுருக்காதுல்ல?" "நல்லா இருந்துச்சு மலரு. நிக்காது." "அப்பன்னா வந்துருக்கணுமே." அவன் டீயைக் குடித்தான், நாக்கு வெந்தது, நல்லது, வேகட்டும். இன்ஜின் நிற்காது. அதைப் பிரித்து, பிஸ்டன் வளையம் மாற்றி, அடைப்பெல்லாம் நீக்கி, பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்தான், மைத்துனன் படகு என்பதற்காகச் சிரத்தை எடுத்துச் செய்தான். மோசமாகச் செய்திருக்கக் கூடாதா. கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே நின்று தொலைந்திருக்குமே, திட்டிக்கொண்டே துடுப்புப் போட்டுத் திரும்பியிருப்பானே, ஊர் பார்க்க என்னைச் செருப்பால் அடித்திருப்பானே. மலர் அவன் தோளில் தலையைச் சாய்த்தாள். இத்தனை ஜனம் பார்க்கிற இடத்தில் அவள் இப்படிச் செய்கிறவளே இல்லை. "எனக்குப் பயமா இருக்குங்க. அம்மா வேற காலையிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல." இப்போது சொல், வழுதி. அவள் காது உன் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, மெதுவாகச் சொன்னால் போதும். மலரு, நான் அந்தக் காம்பஸ. "டீ ஆறிப்போச்சு" என்றான். ஆறவே இல்லை, ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்காமல் டம்ளரை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

வலைக்கூடத்தில் தலைவர் சிங்காரவேலு நான்கைந்து பேரை வைத்துக்கொண்டு முடிவு பண்ணிக்கொண்டிருந்தார். இந்தக் குப்பத்தில் ஒருவன் கரை திரும்பவில்லை என்றால் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போவதில்லை. தேடப் போகிற படகுகளைப் பஞ்சாயத்து சொல்லும், வீட்டுக்கு ஒரு கேன் டீசல் வரும், அது எதிரி வீடாக இருந்தாலும் சரி. பெண்கள் தலையில் கேனைச் சுமந்து வந்து படகுகளுக்குப் பக்கத்தில் இறக்கிக்கொண்டிருந்தார்கள், வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட வந்து இறக்கிவிட்டுப் போனார்கள். தலைவர் விரலால் மணலில் கோடு போட்டார். மேற்கே பாத்து ஓட்டிக்கிட்டு வந்துருக்கான், வழியில இன்ஜின் நின்னுருக்கு, நீரோட்டம் இப்ப தெக்கு வாங்குது, அப்ப தெக்கதான் போயிருக்கும், வேதாரண்யத்துக்கு நேரா விரிச்சுத் தேடுங்க. எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு சரியான கணக்கு, எவ்வளவு அனுபவம், எவ்வளவு அக்கறை. எல்லாம் அந்த ஒரு வார்த்தையின் மேல் நின்றது, மேற்கே பார்த்து. "வழுதி, எல்லா இன்ஜினையும் ஒரு தடவ பாத்து விட்டுடுப்பா" என்றார் தலைவர். எழுந்து போனான். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, ஃபில்டரைத் திறந்தது, ஆயில் பார்த்தது, நட்டு முடுக்கியது. ஒவ்வொரு படகின் இன்ஜினையும் அவன் தெற்கே போவதற்குத் தயார் பண்ணிக்கொண்டிருந்தான். இத்தனை டீசலும் தெற்கே போகும், நாளைக்கும் தெற்கே போகும், அதற்குள் கிழக்கே ஒரு படகில் குடிக்கத் தண்ணீர் தீர்ந்துபோகும்.

சொன்னால் என்ன ஆகும். அதையும் எண்ணிப் பார்க்காமல் இல்லை. அடிப்பார்கள், அடிக்கட்டும். பஞ்சாயத்தில் நிறுத்துவார்கள், பட்டறைக்கு யாரும் வரமாட்டார்கள், ஊரோடு ஒட்டு உறவில்லை என்பார்கள், அதெல்லாம்கூடப் போகட்டும். மலர் பார்ப்பாளே, அந்த முகம். ஆணியப் படம் எடுக்கத் தெரிஞ்ச புருஷன் என்று சிரித்த அந்த முகம் இதைக் கேட்டதும் என்னவாகும், அதற்குமேல் அந்த வீட்டில் எந்த மூலையில் போய்ப் படுப்பது. சரி, சொல்லாமல் இருந்தால்? சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. காம்பஸும் கடலில், பார்த்தவனும் கடலில். கடல் கொண்டுபோய்விட்டது என்று அழுவார்கள், நானும் கூடச் சேர்ந்து அழலாம், மைத்துனன் படத்தை நானே பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டலாம். இப்படி ஒரு நினைப்பு தனக்குள் வந்ததைப் பார்த்ததும் வழுதி ஸ்பேனரை விட்டுவிட்டான், அது படகுக்குள் விழுந்து சத்தம் போட்டது. அப்புறம் இன்னொரு பயம் வந்தது, இதுதான் எல்லாவற்றிலும் தந்திரமான பயம், நியாயம் பேசிக்கொண்டு வந்தது. நீ நினைப்பது தப்பாக இருந்தால்? காம்பஸ் படகில் போய் உண்மையிலேயே சரியாகியிருந்தால்? உன் பேச்சைக் கேட்டு எல்லோரும் கிழக்கே போக, கலை தெற்கே மிதந்துகொண்டிருந்தால்? அப்போது இரண்டு தடவை கொன்றவன் ஆவாய். வாயை மூடிக்கொண்டு இரு, பெரியவர்களுக்குத் தெரியாததா. அவன் மறுபடியும் போனை எடுத்தான். மழைத்துளி விழுந்த திரையைச் சட்டையில் துடைத்தான். வெள்ளைக் கோடு. அதன் கீழே தெற்கு. எத்தனை தடவை பார்த்தாலும் தெற்கு.

முதல் படகை அலைக்குள் தள்ளினார்கள். "ஏலேலோ" போட்டுத் தள்ளுகிற வழக்கமான சத்தம் இல்லை, மூச்சை மட்டும் இழுத்துவிட்டுத் தள்ளினார்கள். மணிமாறன் ஏறி இன்ஜினைச் சுற்றினான், முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. படகு தலையைத் தெற்கே திருப்பியது. அதைப் பார்த்ததும் வழுதியின் கால் ஓடியது, அவன் ஓடச் சொன்ன மாதிரியே இல்லை. முழங்கால் தண்ணீரில் போய் நின்றுகொண்டு கத்தினான். "தெக்க போவாதீங்க! அவன் கெழக்க போயிருக்கான்!" மணிமாறன் இன்ஜினைக் குறைத்தான். "என்னாண்ணே சொல்றீங்க?" "காம்பஸ் தப்புடா. அது மேக்கன்னு காட்டுறது கெழக்கு. நான்தான் அதக் கெடுத்தேன். காந்தத்த வச்சுப் படம் எடுத்தேன், அதுல மாறிப்போச்சு." சொல்லிவிட்டான். இவ்வளவுதான் அது, நாலு வார்த்தை. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று வழுதி முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றான். அவர் அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கிப் பார்த்தார். "எனக்கு என்னடா தெரியும் இதுல. வாயால சொல்லு." சொன்னான். ஷட்டர் வெளிச்சம், முதல் படம், கடைசிப் படம், பார்த்தும் பேசாமல் கொண்டுபோய் வைத்தது, எல்லாவற்றையும் சொன்னான். "சத்தியமா?" "சத்தியமா பெரியப்பா. நான் அன்னைக்கே பாத்தேன்." அவர் போனை அவன் கையிலேயே திணித்தார். "டீசல் எவ்வளவு கெடந்துச்சு அவன்ட்ட?" "திரும்பி வர்றதுக்கும் மேல இருந்துச்சு. நான்தான் ரொப்பச் சொன்னேன்." தலைவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு கையைத் தூக்கி, தெற்கே பார்த்து நின்ற படகுகளுக்கெல்லாம் கிழக்கைக் காட்டினார். "ரெண்டு போட்டு மட்டும் தெக்க போவட்டும். மத்ததெல்லாம் நேரா உள்ளார விடு. ஆழத்துக்குப் போ. நீயும் ஏறுடா."

வழுதி மணிமாறன் படகில் ஏறினான். பட்டறைப் பழக்கத்தில் இன்ஜின் பக்கத்தில் உட்காரப் போனவனை மணிமாறன் தடுத்தான். அண்ணே என்று கூப்பிடுகிற பையன், அவனுடைய காந்தப் படங்களைத் தன் போனில் முகப்பாக வைத்திருக்கிறவன், இப்போது முகத்தைப் பார்க்காமல் பேசினான். "இங்க வேணாம். முன்னாடி போய் உக்காருங்க. காம்பஸ் இந்தப் பக்கம் இருக்கு." வழுதி படகின் முன்முனைக்குப் போய் உட்கார்ந்தான். அப்போதுதான் மலர்க்கொடி தண்ணீருக்குள் வந்தாள். இடுப்பளவு ஆழம், அலை அவளைத் தூக்கிப் போட்டது, விழுந்து எழுந்து வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழவில்லை. அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் அவள் பார்த்த பார்வை, கல்யாணத்தன்று முதல் முதலாகப் பார்த்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை, யார் இந்த ஆள் என்று கேட்கிற பார்வை. மலரு என்றான். "என் தம்பி இல்லாம இந்தக் கரைக்கு வராதீங்க" என்றாள். பிடியை விட்டாள். அடுத்த அலை வந்து இருவருக்கும் நடுவே உயர்ந்தது.

படகு அலையைத் தாண்டியது. தாண்டியதுமே அவனுக்குக் குடல் புரண்டது, விளிம்பில் சாய்ந்து குடித்த டீயை எல்லாம் வாந்தி எடுத்தான். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. வாயைக் கடல் தண்ணீரிலேயே கழுவினான். முன்னால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், வானம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. எங்கே பார்த்துத் தேடுவது. கரையில் நிற்கிறவர்களின் தலைகள் இன்னும் தெரிந்துகொண்டிருந்தன, இங்கே யாரும் இருக்கப்போவதில்லை, இன்னும் எவ்வளவோ தூரம் போக வேண்டும், அவனுக்கு அது தெரியும். ஆனாலும் அவன் எழுந்து முனைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கலை, கலை என்று கூப்பிட ஆரம்பித்தான். "இப்பவே எதுக்குண்ணே கத்துறீங்க" என்றான் மணிமாறன். அவன் நிறுத்தவில்லை.